எரியும் லாரி

ராணுவத்தில் அவளை எல்லோரும் லாரிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த முகாமில் கனரக வண்டி ஓட்டிய ஒரே பெண். அன்று காலை பீரங்கிக் குண்டுகள் ஏற்றிய லாரியோடு வந்தவளுக்கு, முன்னால் பாதை உடைந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

எதிரியின் முதல் குண்டு மேட்டுக்கு அப்பால் விழுந்தது. அடுத்தது கிட்டத்தில். தெறித்த நெருப்பு லாரியின் தார்ப்பாயில் பற்றிக்கொண்டது.

"அக்கா, ஓடி வந்துருங்க! வெடிச்சா எலும்புகூட மிஞ்சாது!" பதுங்குகுழிக்குள்ளிருந்து மெக்கானிக் கத்தினான்.

அவள் கூடாரத்தைப் பார்த்தாள். கட்டில்கள் நிறைய எழுந்திருக்க முடியாதவர்கள். ஒரு நர்ஸ் ஒருவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களை எப்போது இழுப்பது?

"நான் எடுத்துட்டுப் போறேன். நீ தலையை உள்ள இழு!"

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி அடங்கியது.

"கிளம்பித் தொலை, சனியனே!"

கிளம்பியது. வேகமாகப் போனால் பெட்டிகள் குலுங்கும். மெதுவாகப் போனால் தீ முந்திக்கொள்ளும். பின்கண்ணாடி உடைந்து முதுகில் கொட்ட, அந்த வழியாக நெருப்பு கைகளை எட்டியது. ஸ்டியரிங்கை விட்டால் சரிவில் வண்டி கூடாரத்துக்கே திரும்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கைவிடப்பட்ட மணல் குவாரிவரை ஓட்டினாள். விளிம்பில் குதித்து உருண்டாள்; லாரி பள்ளத்துக்குள் பாய்ந்தது.

வானமே இடிந்து விழுந்தாற்போல் ஒரு சத்தம். கூடாரத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

பிறகு நடந்த பாராட்டு விழாவில் அவள் சட்டையில் பதக்கத்தைக் குத்திய தளபதி, "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"பயத்துல பிரேக் எதுன்னே மறந்துபோச்சுங்க ஐயா. அதான் நிக்காம போயிட்டேன்."

அரங்கமே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் தீயில் வெந்த விரல்கள் சரியாக மடங்கவில்லை. தையற்காரரான கணவர்தான் அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டார். அடுப்பு பற்றும் சத்தத்துக்கே சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

"வண்டிய மறந்துடு. ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலை தர்றாங்கல்ல?"

"ஊரே என்னைக் கொண்டாடுது. நீங்க என்னை ஸ்டியரிங்கில உக்கார விடுங்க, அது போதும்."

அவர் தன் தம்பியின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு ஆளில்லாத ஒரு மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். ஒரு சுற்று நன்றாகவே போனாள். வெளியே தெருவில் ஏதோ டயர் வெடித்தது. வேன் தூக்கிப்போட்டு நின்றது. அவள் உடம்பு வெடவெடத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கணவர் சாவியை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க."

"சொன்னாக் கேளு..."

"கொஞ்சம் பேசாம இருங்க."

நடுக்கம் முழுக்க அடங்கவில்லை. அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை. உள்ளங்கையால் கியரைத் தள்ளினாள். வேன் மைதானத்தைத் தாண்டி, சந்தடி மிகுந்த தெருவுக்குள் இறங்கியது.