பூஜ்யம் என்றால் சுத்தம்

"எண்பத்தொண்ணா? எனக்கா?" என்று கத்திவிட்டேன்.

சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் நிற்கிறேன். ஒரு தையல் என் கண்ணிலிருந்து தப்பியதாக யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! 'பூதக்கண்ணாடி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். ஐந்து வருடமாக முதுகும் தோளும் வலி. அதற்காக ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. அப்படிப்பட்ட நான் ஆறு மாதத்தில் வேலை செய்ய முடியாமல் முடங்கிப்போவேனாம். போன வாரம் தொழிற்சாலையின் பிசியோதெரபி பெண் கொடுத்து நாங்கள் நிரப்பிய வலிக் கேள்வித்தாள் ஜோசியம் சொல்கிறது. நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் ஆபத்து. தாண்டியவர்களுக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது என்று மேனேஜர் ஏற்கெனவே வாயை விட்டிருந்தார்.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் விறுவிறுவென்று மாடியேறிப் பிசியோ அறைக்குள் நுழைந்தேன்.

"உங்களுக்கு மட்டுமில்லக்கா. செக்கிங்ல பதினாலு பேருக்கும் எகிறியிருக்கு. தையல் பிரிவுல அப்படி இல்ல. எனக்கே தலை சுத்துது" என்றாள் அவள்.

பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த மேனேஜர், "பதினாலு பேரையும் மாத்திட வேண்டியதுதான்" என்றார்.

"அந்தத் தாள முதல்ல இப்படிக் குடுங்க!"

சட்டையைப் பார்ப்பதுபோல ஓரத்திலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தேன். 'ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பீர்கள் என்று எவ்வளவு நம்பிக்கை? பத்துக்கு எத்தனை?' என் கையாலேயே பூஜ்யம் போட்டிருந்தேன். 'ஒரு மணி நேரம் நடக்க முடியுமா?' அதற்கும் பூஜ்யம்.

"புடிச்சிட்டேன்! ஐயோ, புடிச்சிட்டேன்! எங்க செக்கிங் சீட்டுல பழுதத்தான் எண்ணுவோம். பூஜ்யம்னா சுத்தம், நேரா பேக்கிங். பத்துன்னா துணி குப்பைக்கு. பழுதே இல்லன்னு பதினாலு பேரும் பூஜ்யம் போட்டு வெச்சிருக்கோம்!"

பிசியோ பெண் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜரின் முகம் சுருங்கிப்போனது.

"சரி, இப்பச் சொல்லுங்கக்கா. இதுல பூஜ்யம்னா நம்பிக்கையே இல்லன்னு அர்த்தம், அதான் எகிறிடுச்சு. பத்துன்னா முழு நம்பிக்கை."

பத்து என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் மாடியேறி வந்த முதுகு இன்னும் விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. பழுதைச் சுத்தம் என்று நான் என்றைக்கு எழுதியிருக்கிறேன்?

"ரெண்டு நம்பர் சொல்லலாமா?"

"ஒண்ணுதான் கேக்குறாங்க."

"அப்ப உங்க கேள்வியில பழுது இருக்கு. உட்கார்ந்து பாக்க உயரமா ஒரு ஸ்டூல் குடுத்தா ஒன்பது. இப்படியே நாள் பூரா நிக்க வெச்சா மூணு."

அவள் பேனா நின்றது. பிறகு ஓரத்தில் இரண்டையும் எழுதி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் மெல்ல எழுந்து நின்றார்.

மற்ற பதின்மூன்று பேரும் அன்றே இரண்டு எண் சொன்னார்கள். திங்கட்கிழமை பதினாலு ஸ்டூல் வந்து இறங்கியது. எனக்குக் கிடைத்ததைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தேன். செக்கிங் சீட்டை எடுத்துப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் உட்கார்ந்தேன்.