மதலேனாள் கட்டிய பாட்டு

தைராய்டு கட்டியை எடுத்த பிறகு ஜெபஷீலாவுக்குக் குரல் பழையபடி வரவில்லை. அனுமந்தன்பட்டி கோயிலில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவள், இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தாள். பள்ளியில் ஆங்கிலப் பாடம் நடத்துவதற்கும் சேலையில் ஒரு சின்ன மைக் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பிலவேந்திரன் அவளிடம் வந்தார். அவருடைய மனைவி மதலேனாள் இறந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது.

"ஆத்தா, நினைவுப் பூசையில அவ கட்டுன வாய்க்கா பாட்ட நீ பாடணும். பங்குச் சாமியாரும் சரின்னுட்டாக."

நாற்று நடும்போது மதலேனாள் சொந்தமாகக் கட்டியது அது. அதற்கு மெட்டுப் போட்டவள் ஜெபஷீலா.

"எனக்கு எங்க இருக்கு குரல், மாமா? வேற யாரையாவது கேளுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அன்று முழுவதும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு கவிதைப் பாடம். அதில் 'சாங்' என்ற சொல் வந்தது. அகராதியில் பார்த்து வந்திருந்ததைச் சொன்னாள். நமக்குப் பாடு, பாட்டு போல அவர்களுக்கு சிங், சாங். இரண்டும் ஒரே வேர். பறவையின் கூவலும் சாங்தான். பழைய ஆங்கிலத்தில் குரலுக்கும் செய்யுளுக்கும்கூட அந்தச் சொல்லே இருந்தது.

மகாலட்சுமி எழுந்தாள். "டீச்சர், எங்க வீட்டுல திட்டு வாங்குனாலும் பாட்டு வாங்குனேன்னுதான் சொல்லுவோம்."

வகுப்பே சிரித்தது. ஜெபஷீலாவும் சிரித்தாள். ராகமே இல்லாததையும் பாட்டு என்றுதானே சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சாயங்காலம் நேராக பிலவேந்திரனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள்.

"மாமா, ராகம் போட என்னால முடியாது. வார்த்தைய மட்டும் சொல்றேன். போதுமா?"

"அவ எனக்கு மொதல்ல வார்த்தையாத்தான் சொன்னா, ஆத்தா. வரப்புல நின்னுக்கிட்டு." பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் மைக் முன்னால் நின்றாள். கரகரத்த குரலில் நிதானமாகச் சொன்னாள்:

"மடை தொறந்து வந்த தண்ணி
மாதாவே, யாரக் கேட்டு வந்துச்சு?"

மூன்றாவது வரியில் குரல் அறுந்தது. வெறும் காற்றுதான் வந்தது. முன் பெஞ்சிலிருந்து பிலவேந்திரன் எழுந்தார். ஒருநாளும் கோயிலில் வாய் திறந்து பாடாதவர்.

"வரப்போரம் நின்ன என்னை
வாடியின்னு கூப்பிட்டுச்சு."

மெட்டு எதுவும் இல்லை. கண்ணீர் வழிய, ஆளைக் கூப்பிடுவது போலச் சத்தமாகச் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெபஷீலாவும் கிடைத்த குரலில் அவர்களோடு கடைசிவரை சொன்னாள்.

வெளியே வந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருசமும் சொல்லணும்த்தா."

"சொல்லுவோம் மாமா," என்றாள். "நீங்களும் என் பக்கத்துல வந்து நில்லுங்க."