சனிக்கிழமையின் நாலு மணி நேரம்

ஈனிட்டின் மெத்தையை நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் மடக்கிப் பிடித்து மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குறுகலான படி, மெத்தை சுவரில் உரசி உரசி வந்தது. மேவிஸ் அடுக்களை வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள்.

அக்கா ஈனிட் அன்று விடியற்காலையில்தான் புல்மேட்டின் மேலிருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இருபத்துநாலு வயது. ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. யாரோ ஒரு நோயாளியின் படுக்கைத் துணியோடு பெரியம்மை அவளிடம் வந்துசேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை காய்ச்சல். திங்கட்கிழமை வண்டி வந்து கொண்டுபோனது. புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. உடலை வீட்டுக்குத் தரமாட்டார்களாம். பெட்டியை அங்கேயே மூடி, அங்கிருந்தே அடக்கத்துக்குக் கொண்டுபோவார்களாம்.

சுகாதார இன்ஸ்பெக்டர் கிளெக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அக்கா போய்வந்த இடங்களைக் குறித்த ஒரு தாளை மேசைமேல் விரித்திருந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இன்னிக்கு இதைக் கேக்கக் கூடாதுதான். ஆனா சனிக்கிழமை மத்தியானம் ரெண்டுலருந்து ஆறு வரைக்கும் காலியா இருக்கு. எங்க போயிருந்தா?"

"சேப்பலுக்கு," என்றாள் அம்மா. "தையல் கூட்டம். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. போகாதடின்னேன், கேக்கல."

"தையல் கூட்டத்துல பதினோரு பேரையும் பாத்துட்டேன். அன்னிக்கு அவ வரலைங்கறாங்க."

"அவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது."

கிளெக் தாளை மடித்தார்.

"அவ யாரோட இருந்தாளோ அந்த ஆளுக்கு இன்னிக்குள்ள அம்மை குத்திட்டா அநேகமா தப்பிச்சுக்குவான். இன்னிக்கு நாலாம் நாள். நாளைக்குன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு, எரிக்கப்போகும் மெத்தையை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார். மேவிஸ் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். சத்தியம் வாங்கியவளே போய்விட்டாள். மேவிஸ் வெளியே ஓடினாள்.

"சார். ரீகல் கொட்டகைல படம் ஓட்டறவர். பேரு வில்ஃப். மேல மெஷின் ரூம்ல அவர்கூடதான் இருந்தா. சனிக்கிழமைன்னா அங்கதான் போவா."

"கல்யாணமானவனா?"

மேவிஸ் தலையாட்டினாள்.

"ரூம்ல வேற யாராவது?"

"யாரும் இல்ல."

"சரி, வண்டில ஏறு. எனக்கு ஆளைத் தெரியாது."

"நான் வரலாமா சார்? எனக்கும் ஒட்டியிருந்தா?"

"உனக்குத்தான் திங்கக்கிழமையே குத்தியாச்சே. காய்ச்சல் வராத வரைக்கும் உன்னால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஏறு."

அவள் திரும்பியபோது அம்மா பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள் அம்மா. "குளிருது."

கிளெக்கின் சின்னக் கார் கருங்கல் தெருக்களில் குதித்து இறங்கியது. நகராட்சி மண்டபத்தைச் சுற்றி அம்மை குத்திக்கொள்ள நின்ற வரிசை, மீன்கடை தாண்டி, ஆற்றுப் பாலம் வரைக்கும் நீண்டிருந்தது. கிளெக் உள்ளே ஓடினார். டாக்டர் பொல்லார்ட் அம்மாளையும் அவருடைய தோல்பையையும் இழுக்காத குறையாக இழுத்து வந்தார்.

"அங்க ரெண்டாயிரம் பேர் நிக்கிறாங்க, கிளெக்."

"தெரியும் டாக்டர். அவங்க காத்திருப்பாங்க."

ரீகலில் டிக்கெட் கொடுக்கும் பெண் பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "வில்ஃபா? ஒரு வாரம் லீவு. பொண்டாட்டி புள்ளையோட பிளாக்பூல் போறான். ரெண்டு பத்து வண்டி."

மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

அதற்கப்புறம் கிளெக் பிரேக்கைத் தொட்டதாகத் தெரியவில்லை. பால்வண்டிக் குதிரை ஒன்று மிரண்டு ஒதுங்கியது. டாக்டரம்மாள் பையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மேவிஸுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அது துக்கமில்லை. இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று உள்ளே ஏதோ கத்தியது. தான் சிரித்துக்கொண்டிருப்பது திடீரென்று தெரிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ரயில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. கிளெக் ரயில் கார்டைப் பிடித்து நிறுத்திப் பேச, மேவிஸ் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள். நாலாவது பெட்டியில் வில்ஃப் இருந்தான். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மேவிஸுக்கு அக்காவின் ஜாடை. அவன் முகம் வெளுத்தது.

"இறங்குங்க," என்றாள் மேவிஸ். மூச்சு வாங்கியது.

"யாருங்க இது?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி.

வில்ஃப் வாயைத் திறப்பதற்குள் மேவிஸ் சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை எங்க அக்கா பஸ்ல இவர் பக்கத்துல உக்காந்திருந்தா. அக்காவுக்குப் பெரியம்மை."

பின்னால் வந்துசேர்ந்த கிளெக் தொப்பியைத் தொட்டார். "ஆமாம்மா. பஸ்லதான்."

"சனிக்கிழமை இவர் சைக்கிள்லதான் போனார்," என்றாள் அவள்.

 கார்டு கடிகாரத்தைப் பார்த்தான். அவள் மேவிஸின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, கணவன் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். கிளெக் அவர்களுடைய பயணப் பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ரயில் அவர்கள் இல்லாமல் போயிற்று.

பயணிகள் அறையில் ஸ்டேஷன் மாஸ்டர் கணப்பைத் தூண்டிவிட்டுப் போனார். டாக்டரம்மாள் ஒவ்வொருவர் மேல்கையிலும் ஒரு சொட்டு மருந்தை வைத்து, ஊசிமுனையால் அதன்மேல் அழுத்தி அழுத்தி எடுத்தார். முதலில் குழந்தை, வீல் என்று அழுதது. அடுத்து மனைவி. கடைசியில் வில்ஃப்.

"காயற வரைக்கும் சட்டைக் கையை இறக்காதீங்க. பதினாறு நாளைக்கு ஊரை விட்டுப் போகக் கூடாது. கிளெக் தினம் வந்து பாப்பார்."

வில்ஃப் தலையாட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "இப்ப எப்படி இருக்காங்க? அந்தப் பொண்ணு."

மேவிஸ் இதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"காலைல போயிட்டா. அஞ்சு மணிக்கு."

"அப்படியா," என்றான்.

மனைவி குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவ பேரென்ன?" என்று மேவிஸைக் கேட்டாள்.

"ஈனிட்."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப நீ வீட்டுக்குப் போம்மா. தனியா இருப்பாங்க."

டாக்டரம்மாள் பையை மூடினார். மண்டபத்து வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று கிளெக் காரைக் கிளப்பப் போனார். மனைவி தன் கையைத் தொட்டுப் பார்த்து, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். கதவருகில் மேவிஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வில்ஃப் சட்டைக் கையை இறக்காமல், கையை முழங்காலின்மேல் நீட்டி வைத்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தான். மருந்து எப்போதோ காய்ந்துபோயிருந்தது.