பூக்காரியின் கை

நாங்கள் வேலை பார்க்கும் பேக்கரியில் அடுப்பு என் பொறுப்பு. கேக் மேல் க்ரீம் பூப் போடுவது என் நாத்தனார் பொறுப்பு. கடையில் எல்லோருக்கும் அவள் 'பூக்காரி'. குளிர்ந்த கை அவளுக்கு. க்ரீம் பையை அவள் பிடித்தால் ரோஜா இதழ் ஓரம் மடியாமல் நிற்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பாமலிருக்க ஐந்து வருஷமாவது தினமும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அதைத் தொடங்கியதும் உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. மாதவிலக்கு நிற்கும் வயதில் வருகிற கொதிப்பு, அவளைவிடப் பத்து வயது மூத்த எனக்கே இன்னும் வராதது. கை வியர்த்து, பைக்குள் க்ரீம் இளகி, பூ சரிந்தது. முதலாளி பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் துவைக்க எடுத்த அவளுடைய ஏப்ரன் பையிலிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன, மாவு ஒட்டிக்கொண்டு. வந்த கோபத்தில் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. கல்யாணக் கேக் இருக்கிற நாளில் மட்டும் விழுங்குவதில்லையாம், அன்றைக்காவது கை குளிர்ந்திருக்கட்டும் என்று. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டேன். மருந்து உடம்பில் பல நாள் தங்கும், ஒரு நாள் விட்டால் சூடு இறங்காது, அடிக்கடி விட்டால் பாதுகாப்புதான் குறையும் என்றாள். கொதிப்பைக் குறைக்க வழி இருக்கிறது, டாக்டரைப் பார்க்க வாருங்கள் என்றும் சொன்னாள்.

மறுநாள் ஒரு பெரிய கேக். முதல் பூவே சரிந்து கிடந்தது. மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்று, நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ மொத்தமா நிறுத்திடறேன் அண்ணி," என்றாள். "மார்புல பாதி போச்சு. மாசாமாசம் வர்றதும் நின்னுபோச்சு. குழந்தையப் பத்தி இப்ப நினைக்கவே கூடாதுன்னுட்டாங்க. என்னோடதுன்னு மிச்சம் இருக்கறது இந்தக் கை ஒண்ணுதான். அதையும் விட்டுடச் சொல்றீங்களா?"

கத்தியை எடுத்து, சரிந்த பூவை வழித்தேன். இடம் சமமாகிவிட்டது.

"பூ சரிஞ்சா வழிச்சுட்டு வேற போட்டுக்கலாம். நீ போயிட்டா நான் எதைடி வழிச்சு எதைப் போடுவேன்?"

அவள் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்கினாள். ஃப்ரிட்ஜிலிருந்து இன்னொரு பையை எடுத்துத் தரச் சொன்னாள்.

ஒரு பை இளகினால் அடுத்ததை மாற்றிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. கருகட்டும்.