கவர்னர் சீமாட்டியின் விரல்கூடு

தேவசிகாமணியைப் போன்ற ஒரு மகாபுருஷனை இனி இந்தப் பாளையங்கோட்டை காணப்போவதில்லை என்று சபைப் பாதிரியார் இஸ்ரவேல் ஐயர் சொல்லி முடித்தபோது, மகாபுருஷனின் கோட்டில் பொத்தான் எட்டவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. தொந்தி அதற்குப் பிறகு வந்தது.

"முதுகுல கிழிச்சு, ஒரு துணி வச்சு மூட்டிட்டு மாட்டிருவோம்" என்றாள் செத்தவரின் அக்கா சாரம்மாள். "ஏளா சாலோமி, ஊசி எங்கன இருக்கு?"

சாலோமி கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாயிருந்த அவள் புருஷன் தேவசிகாமணி, சீமைக்குத் திரும்பும் துரைசானிகளின் வீட்டு ஏலங்களில் சேர்த்ததெல்லாம் அதற்குள் இருந்தது. தந்தத்தில் ஊசிக்கூடுகள், பூவேலைச் சட்டங்கள், கொக்கு மூக்குக் கத்தரிகள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். வீட்டில் மட்டும் தைக்க ஊசி கிடையாது. கிழிந்த துணி தெருக்கோடித் தையல்காரரிடம் போகும்.

செத்தவரின் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். கத்தரிகள் துருவேறி வாய் திறக்க மறுத்தன. சாரம்மாள் கோட்டை அரிவாள்மணையில் வைத்துக் கிழித்தாள். ஊசிகளில் ஒன்று தேறியது. பக்கத்திலேயே, சிவப்பு வெல்வெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது வெள்ளி விரல்கூடு. தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்வது.

"கவர்னர் சீமாட்டியோடதுல்லா!" ஐயர் குரலைத் தாழ்த்தினார். "அலமாரியோட பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கேன்னு எங்கிட்ட வாக்குச் சொல்லியிருக்காரு. அடக்கம் முடிஞ்சதும் ஆள் அனுப்புதேன்."

எந்தக் கவர்னர் சீமாட்டியும் அதைத் தொட்டதில்லை. மிஷன் போர்டிங்கில் லேஸ் பின்னியதற்குப் பதினேழு வயதுச் சாலோமிக்குக் கிடைத்த பரிசு. கல்யாணமான வாரமே, "பத்திரமா இருக்கட்டும்" என்று அவர் வாங்கி உள்ளே வைத்தார். பிறகு ஒரு விருந்தாளியிடம் சீமாட்டி கதையைச் சொன்னார். காப்பித் தட்டோடு நின்ற சாலோமியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்தாள். சில நாள், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள்.

இப்போது வாயைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால், கூடத்தில் கை கட்டிப் படுத்திருப்பவர் பொய்யராகிப் போவார்.

சாலோமி கோட்டை மடியில் போட்டுக்கொண்டு விரல்கூட்டை மாட்டினாள். உலக்கை பிடித்துத் தடித்த விரல், அழுத்தித்தான் நுழைந்தது. அதற்கப்புறம் கை தானாகப் போயிற்று.

"நெடுந்தையல் போதும்ளா. முதுக யாரு பாக்கப் போறா?"

சாலோமி பொடித்தையல் போட்டாள். போர்டிங்கில் துரைசானி மெச்சிய அதே பொடித்தையல், கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை. வெளியே இரண்டு கீர்த்தனை முடிந்து மூன்றாவது தொடங்கியது. பெட்டி செய்த ஆசாரி வாசலில் நின்று கனைத்தார்.

கோட்டை மாட்டி, பொத்தான் போட்டார்கள். எட்டியது.

"அத இங்கன தாங்கம்மா, நானே கொண்டு போயிருதேன்." ஐயர் கையை நீட்டினார்.

"கழல மாட்டேங்கு ஐயா."

ஐயர் தாமே இழுத்துப் பார்த்தார். சாலோமி முழுக்க வந்தாள், விரல்கூடு வரவில்லை.

"வெளக்கெண்ணெ விட்டா வழுக்கிட்டு வந்துரும்" என்றாள் சாரம்மாள். "இருக்குல்லா?"

"தீந்து போச்சு மைனி."

கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். சாலோமி வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வெள்ளி, விரலின் சூட்டுக்கு வந்திருந்தது.

அடுக்களையில் ஒரு கலயம் நிறைய விளக்கெண்ணெய் இருந்தது.