இரண்டு கெசையா

கோப்பை என் கையிலிருந்து நழுவியது மார்ச் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. உடைந்த துண்டுகளை நான் உடனே பொறுக்கவில்லை. வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, அடிபட்ட குருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்டுவிரல் ஒருமுறை அசைந்தது. நான் அசைத்தேனா, அதுவாக அசைந்ததா?

எங்கள் மலையில் அதை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. குரலைத் தாழ்த்தி 'அந்த நோய்' என்பார்கள். நாற்பதை நெருங்கும்போது விரல்களில் தொடங்கும். பிறகு தோள், முகம், நடை. கடைசியில் புத்தி. பெற்றவருக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். பெற்றவர் அது அண்டாமலே முதுமைவரை வாழ்ந்து போய்விட்டால், அந்தக் கிளையில் அதோடு முடிந்தது. இதெல்லாம் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும்.

என் அப்பாவுக்கு அது இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. முப்பத்து நான்கு வயதில், வெட்டிய மரங்களை ஆற்றில் இறக்கும்போது தண்ணீரோடு போய்விட்டார். அவருடைய அம்மா கெசையா முப்பத்து மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தாள். இருவருமே அந்த வயதை எட்டவில்லை. கெசையாவின் பெற்றோர், இந்த மலையில் முதன்முதலாகக் காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்ட ஆசா பெக்வித்தும் ஜெரூஷாவும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஜெரூஷாவுக்கு அந்த நோய் இருந்தது. 1797இல், மில் குளத்தில் அவளாகவே இறங்கிவிட்டாள்.

எனக்கு இருபத்தொன்பது வயது. லைமன் டட்டில் சனிக்கிழமை ரயிலில் மேற்கே டகோட்டாச் சமவெளிக்கு நிலம் வாங்கப் போகிறான். அவனைக் கட்டிக்கொண்டு கூடப் போவதா என்று அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்குப் பயமில்ல டெலியா," என்றான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"உங்கம்மாவுக்கு இருக்கு."

"அம்மாவுக்கு இடி, பாம்பு, கத்தோலிக்கர் எல்லாத்துக்கும் பயம். அவங்களா உன்னைக் கட்டிக்கப் போறாங்க?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் முகம் எப்படிக் கோணுகிறது என்று கண்ணாடியில் பார்க்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. எனக்கு வந்தால் அந்தச் சமவெளியில் அவன் தனியாக என்னைக் கட்டிலோடு கட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பிறந்திருந்தால், ஒவ்வொன்றின் கையையும் பார்த்துக்கொண்டே வளர்க்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. தேவாலயப் புத்தகத்தில் 'ஆசா பெக்வித்தின் மகள் கெசையா' என்று ஞானஸ்நானம் எழுதியிருப்பது 1794இல். ஆனால் பாட்டியின் கல்லறையில் '1832இல் மறைந்தாள், வயது 33' என்று இருக்கிறது. அப்படியானால் அவள் பிறந்தது 1799. ஜெரூஷா செத்து இரண்டு வருடம் கழித்து. கல் செதுக்கியவன் தப்பாகச் செதுக்கிவிட்டான் என்பார்கள் எல்லோரும். புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யவும் வழியில்லை. 1798இலிருந்து ஐந்து வருடம் ஊரில் பாதிரியார் இல்லை, ஒருவரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். பெயரை வீணாக்க மாட்டார்கள், சட்டையை வீணாக்காததைப் போல. கெசையா இரண்டு பேரோ? முதலாவது கெசையா சின்ன வயதிலேயே செத்து, ஆசாவின் இரண்டாவது மனைவி ப்ரூடென்ஸுக்குப் பிறந்தவள்தான் என் பாட்டியோ? அதை நிரூபிக்க, மண்ணில் புதைந்துபோன ஒரு குழந்தையின் சின்னக் கல்லறைக் கல் கிடைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பழைய பெக்வித் பண்ணைக்குப் போனேன். இப்போது அது ஆல்மைரா அக்காவுடையது. உறவில்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெக்வித்களின் கல்லறைகள் அவளுடைய மேய்ச்சல் நிலத்தின் மூலையில் இருந்தன. அவற்றுக்கு நடுவே செம்மறிகள் குட்டிகளோடு நின்றன.

"எல்லாரும் மாப்பிள்ளை கூட நடனத்துக்குப் போவாங்க. நீ மட்டும் செத்தவங்ககிட்ட அனுமதி கேட்க வந்திருக்க," என்றாள் அக்கா, அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியை என்னிடம் நீட்டி. "குத்திப் பாரு. கல்லுன்னா கணீர்னு சொல்லும். மெதுவா குத்து, என் மேய்ச்சல் நிலம் அது."

பனி உருகிய மண் சேறாக இருந்தது. ஜெரூஷாவின் கல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சாணுக்கும் கம்பியை இறக்கினேன். மூன்றாவது வரிசையில் அது கணீரென்றது. இருவரும் மண்டியிட்டுப் புல்லைப் பிய்த்தோம். ஒரு காலணியைவிடச் சற்றுப் பெரிய கல். ஈரப் புல்லால் துடைத்துவிட்டு, என்னால் படிக்க முடியாமல் அவளைப் பார்த்தேன்.

"ஆசா, ஜெரூஷா பெக்வித்தின் மகள் கெசையா," என்று அக்கா விரலால் தடவிப் படித்தாள். "மார்ச் 1798. வயசு நாலு."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுவது எப்படி என்று மறந்து திரும்பக் கற்றுக்கொள்வதைப் போல இருந்தது. இரண்டு கெசையா. என் பாட்டி ஜெரூஷாவின் மகள் இல்லை.

"அப்போ நீ ப்ரூடென்ஸ் வழி," என்றாள் அக்கா, எழுந்து பாவாடையை உதறியபடி. "நல்லதாப் போச்சு. பாவம், அக்காவும் தங்கச்சியும் ஒரே ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு, இப்போ பக்கத்துல பக்கத்துல."

"என்ன அக்கா தங்கச்சி?"

"ப்ரூடென்ஸ் ஜெரூஷாவோட சொந்தத் தங்கச்சி. உனக்குத் தெரியாதா? தாயில்லாப் பிள்ளைங்களை வேற யார் வந்து பார்ப்பா? அப்போல்லாம் அப்படித்தானே செய்வாங்க."

ஒரு குட்டி தாயைத் தேடிக் கத்தியது. நான் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அதே தாய் தகப்பன், அதே ரத்தம். தப்பி ஓடிய பாதை சுற்றிவந்து அதே வாசலில் விட்டுவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்துத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்துகொண்டாள். "ஏய், எந்திரி. அவங்க கல்லைப் பாரு. எழுபத்தொன்பது வயசு."

"நடுங்கிட்டே எழுபத்தொன்பது வரைக்கும் இருந்திருக்கலாம். கொஞ்சம் பேர் இருந்திருக்காங்க. உங்க மாமனார் அவங்களைப் பார்த்திருப்பாரே, எதுவும் சொல்லலையா?"

"அவரா? செம்மறிகிட்ட பேசுவாரு, மனுஷங்ககிட்ட பேசமாட்டாரு." பிறகு அவள் நின்றாள். "ஆனா நிலம் அவர்தானே வாங்கினாரு. பத்திரம் இருக்கு."

எங்கள் பக்கம் கணவன் நிலத்தை விற்றால் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். விதவையானால் அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு வேண்டும் என்று பின்னால் வந்து கேட்க மாட்டேன் என்பதற்காக. ப்ரூடென்ஸ் கையெழுத்துப் போட்டிருப்பாள். நடுங்கியிருந்தால் அந்தக் கையும் அந்தத் தாளில் தெரியும்.

சமையலறைக்குப் போகும் வழி அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. அக்கா அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். ஆட்டு மருந்துச் சீட்டுகள், இறந்துபோன புருஷனின் கடிதங்கள், பிறகு நான்காக மடித்த தடித்த தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எந்த வருஷம்?"

"முப்பத்து நாலு."

கல்லில் இருந்த கணக்குப்படி 1834இல் ப்ரூடென்ஸுக்கு அறுபத்தெட்டு வயது. நோய் அவளுக்கு வரவேண்டியிருந்தால் வந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். "கையெழுத்துக்குப் பதிலா வெறும் கீறல் மட்டும் இருந்தா சொல்லாதீங்க. வேண்டாம். சொல்லுங்க."

பின்னால் தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு எழுத்து தூரத்தில் வைத்தால்தான் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். அதற்குள் நான் கட்டிலையும் கயிற்றையும் பார்த்தேன், மில் குளத்தின் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தேன்.

"வந்து பாரு," என்றாள்.

ஆசாவின் பெயர் கோழி கிளறியதைப் போல இருந்தது. அதன் கீழே, அவ்வளவு சின்னதாக, ப்ரூடென்ஸ் பெக்வித். துணியில் போட்ட தையலைப் போல ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். கோடு எங்கும் விலகவில்லை. கடைசி எழுத்தின் முடிவில் ஒரு சுழி வேறு, வேண்டுமென்றே, அழகுக்காக.

நான் அழுதேன். அழுதபடியே கேட்டேன், "அப்போ கோப்பை ஏன் விழுந்துச்சு?"

"சோப்புத் தண்ணி கை. நான் வாரத்துக்கு ஒண்ணு உடைக்கிறேன், எனக்கு யாரும் கல்லறை தோண்டல."

அவள் மையும் தாளும் எடுத்து வைத்தாள். மகன் டவுனுக்குப் போகும்போது டட்டில் வீட்டில் கொடுத்துவிடுவான் என்றாள். என் விரல்கள் மண்ணாலும் குளிராலும் விறைத்திருந்தன. அடுப்பருகே காட்டிச் சூடாக்கிக்கொண்டு எழுதினேன். 'லைமன், நானும் வருகிறேன்.' கையெழுத்தில் என் பெயரின் கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்து கீழே இறங்கியது.

பத்திரத்தைப் பார்த்தேன். என் எழுத்தைப் பார்த்தேன். உண்மை தெரிந்துவிட்டது, இனி முடிந்தது என்று பயம் என்னை விட்டுப் போகவில்லை. அது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு தாளை எடுத்தேன்.

"என்ன பண்ற?"

"நேரா வரல. திரும்ப எழுதறேன்."

ஆல்மைரா அக்கா முதல் தாளை என் முன்னாலிருந்து பிடுங்கி, மை காயும் முன்பே மடித்து, மகனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.