சாட்சிக் கையெழுத்து

விவாகரத்துக்கு வருகிறவன் தன் தரப்புச் சாட்சியாகச் சின்ன வீட்டையே கூட்டிக்கொண்டு வருவான் என்று நான் நினைக்கவில்லை. கூட்டிக்கொண்டுதான் வந்தான். மாவட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் டோக்கன் வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, மூச்சு வாங்கப் படியேறி வந்த தாவோனைத் தோளில் தாங்கியபடி லம்துவானும் வந்தாள். அவன் கையில் பிளாஸ்டிக் பை, அதில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும்.

எங்கள் பாஷையில் தாவோன் என்றால் நிரந்தரம் என்று அர்த்தம். என் மாமியார் என்ன நம்பிக்கையில் அந்தப் பெயரை வைத்தாளோ. பதினாறு வருஷம் என்னோடு இருந்துவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கும் லம்துவானின் வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மழைக்கு ஒதுங்கப் போனவன் மாதிரி போனான், அங்கேயே இருந்துவிட்டான்.

போனது ஆள்தான். காகிதத்தில் அவன் இன்னும் என் புருஷன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசு ஆசிரியையின் புருஷனுக்கு வைத்தியம் முழுக்க அரசாங்கச் செலவு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தினமும் விழுங்குகிற அந்த மாத்திரை என் உரிமையில் மட்டும்தான் கிடைக்கும். ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற, இலவச வைத்தியத்துக்கான தங்க அட்டையைக் காட்டினால் கிடைக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ததே ஆஸ்பத்திரிக்காகத்தான். பிக்குகள் வந்து ஓதினார்கள், பெரியவர்கள் கையில் நூல் கட்டினார்கள், ஊரே சாப்பிட்டது. அதோடு கல்யாணம் முடிந்தது என்று இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். பதிவு என்ற ஒன்று யாருக்கும் நினைவில் இல்லை. அவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோதுதான் எங்கள் தலைமையாசிரியர் சொன்னார், "போய்ப் பதிவு பண்ணிட்டு வந்துரும்மா, ஆபரேஷன் இலவசமா ஆயிடும்" என்று. மாவுக்கட்டுக் காலோடு இதே மாடிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஊரில் பாதிப் பேர் பதிவே செய்யாமல் வாழ்ந்து, பதிவே இல்லாமல் பிரிந்து போகிறார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கோப்பில் "மனைவி" என்ற இடத்தில் விலாவன் என்ற என் பெயரும் என் நம்பரும் இருக்கின்றன. ரத்தம் ஏற்றுவதா, எலும்பு மஜ்ஜை எடுப்பதா, எல்லாவற்றுக்கும் என் போன்தான் அடிக்கும். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் வகுப்பை நிறுத்திவிட்டு, "சரி, வரேன்" என்று சொல்வேன். போவேன், கையெழுத்துப் போடுவேன், திரும்புவேன். "டீச்சர் மாதிரிப் பொறுமைசாலியைப் பாக்க முடியாது" என்று நர்சுகள் சொல்வார்கள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருக்கும்.

போன மாதம் என் அம்மாவின் தகனத்தன்று, சிதையில் வைக்கச் சந்தனச் சீவலில் செய்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அப்போதும் போன் அடித்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், போதும். ஆளை விட்டால் போதும். ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் தாவோனுக்குப் போன் செய்து விவாகரத்து வேண்டும் என்றேன். அழுவான், கெஞ்சுவான் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். "சரி, என்னிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். பதிவாளர் சின்னப் பையன், என்னிடமே படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் இல்லை, பிரிக்கச் சொத்து இல்லை என்று எழுதிக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "டீச்சர், பேருக்கு முன்னாடி திருமதின்னே வச்சுக்கறீங்களா, இல்ல செல்வின்னு மாத்திரலாமா? ரெண்டுமே செல்லும்" என்றான்.

"ஐம்பத்தஞ்சு வயசுல செல்வியா?"

"நிறையப் பேர் கேக்கறாங்க டீச்சர்."

"செல்வின்னே போடு" என்றேன். சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ இலகுவாயிற்று. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இத்தனை தூரம் வந்த மாதிரி இருந்தது.

தாவோன் கையெழுத்துப் போட்டான். நான் போட்டேன். என் தரப்புச் சாட்சியாக வந்த எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் போட்டுவிட்டு, வகுப்பிருக்கிறது என்று கிளம்பிப் போனார். பேனா லம்துவானிடம் போயிற்று. அவள் கையெழுத்துப் போடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரலெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு.

"சார், இதைப் போட்டா இவரோட மாத்திரைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"எந்த மாத்திரை?"

"டீச்சர் உரிமையில வாங்கறது."

பதிவாளர் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். "விவாகரத்து ஆயிட்டா அந்த உரிமை இன்னிக்கே போயிடும்மா" என்றான்.

லம்துவான் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "அப்ப நான் போடல."

தங்க அட்டையிலேயே அந்த மாத்திரை கிடைக்கும் என்று அவளிடம் புளுகி அழைத்து வந்திருக்கிறான் மகராசன். பொய் சொல்வதில் அவன் சூரன், எனக்குத் தெரியாதா.

"துவான், போடு" என்றான் தாவோன். "எனக்கு மாத்திரை வேண்டாம். சாகறதுக்குள்ள உன் பேரை ஒரு காகிதத்துல என் பேருக்குப் பக்கத்துல எழுதிட்டுப் போறேன். நாளைக்கே இங்க வந்து பதிவு பண்ணிக்கலாம்."

"உங்களை யாரு கேட்டா? காகிதத்தை வச்சு நான் என்ன செய்ய, வாழைப்பழம் சுத்தவா?"

பக்கத்து மேசைப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பொறாமை வந்தது. பதினாறு வருஷத்தில் அந்த மனிதன் என் பெயரை எதற்குப் பக்கத்திலும் எழுத ஆசைப்பட்டதில்லை. காலை முறித்துக்கொண்டபோதுகூட அது தலைமையாசிரியரின் யோசனைதான்.

"இவங்கதான் போடணும்னு இல்ல டீச்சர்" என்றான் பதிவாளர் மெதுவாக. "யார் வேணா சாட்சி போடலாம். கீழ ஜெராக்ஸ் கடைக்காரர் வருவார். கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரலாம்."

நான் எழுந்து கீழே போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் வெயிலுக்குப் பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "எது டீச்சர், சேர்றதா பிரியறதா?"

"பிரியறது."

"இன்னிக்குக் காலைலேருந்து எல்லாம் பிரியறதுதான்" என்று பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

பின்னாலேயே லம்துவான் ஓடி வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம். அவர் பேச்சைக் கேக்காதீங்க."

"அவன் பேச்சைக் கேட்டா நான் வந்தேன்? எனக்கு வேணும்னு வந்தேன்."

"தெரியுதுக்கா. உங்களுக்கு எவ்வளவு இம்சைன்னு தெரியுது. ஒன்பது வருஷமா உங்க மூஞ்சியைப் பாத்துப் பேச எனக்கு வாய் வரல."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஆஸ்பத்திரில நீ யாருன்னு கேப்பாங்க. வேலைக்காரின்னு சொல்லுவேன். உங்க வீட்டு வேலைக்காரின்னு. அப்பத்தான் ராத்திரி கூட இருக்க விடுவாங்க. ஒரு நாளும் வேற மாதிரி சொன்னதில்லக்கா."

அந்த நர்சுகள் என் பொறுமையை ஏன் அப்படிப் புகழ்ந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் போய்விடுவேன். நான் அனுப்பிய வேலைக்காரி என்று, என் பெயரில் ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது இவள்.

"இன்னிக்கு இது முடிஞ்சா நாளைக்கு நீ பொண்டாட்டி" என்றேன். "யார்கிட்டயும் எதுவும் மறைக்க வேண்டாம். அவன் ஆசையும் அதுதானே?"

"பொண்டாட்டியா எத்தனை நாளுக்கா? மாத்திரை இருந்தா ரெண்டு வருஷம், மூணு வருஷம்கூட இருப்பார்னு டாக்டர் சொன்னார். நான் வேலைக்காரியாவே இருந்துக்கறேன்."

எனக்குக் கால் வலித்தது. ஜெராக்ஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே போய்க் கையெழுத்து வாங்கினால் தாவோன் ஆசைப்பட்டது நடக்கும். வாங்காவிட்டால் இவள் கேட்டது நடக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் யாரோ ஒருவருக்கு நல்லது செய்தவளாகிவிடுவேன். எனக்கு யாருக்கும் நல்லது செய்ய வேண்டாம். என் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போன் அடிக்காத ஒரு நாளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னுடைய விவாகரத்தில் எனக்கென்று ஒரு மூலைகூட இவர்கள் இரண்டு பேரும் விட்டு வைக்கவில்லை.

"போலாமா டீச்சர்?" என்றார் கடைக்காரர், கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டு.

"வேண்டாம், சட்டையைக் கழட்டிருங்க" என்றேன்.

மேலே போய்ப் பதிவாளரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவன் காரணம் கேட்கவில்லை. செல்வி என்று அச்சடித்த தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டான்.

தாவோன் அழுதான். "நீ எப்பவும் இப்படித்தான் விலாவன். எதையும் முடிக்க விடமாட்டே" என்றான்.

"வாயை மூடிட்டு மாத்திரையை முழுங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஸ்கூட்டர் சீட் வெயிலில் கொதித்துக் கிடந்தது. கைக்குட்டையை விரித்து உட்காரப் போகையில் லம்துவான் மறுபடி வந்தாள். கும்பிடு போட்டு நன்றி சொல்லுவாள் என்று பயந்தேன், சொன்னால் கத்தியிருப்பேன். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, வர்ற செவ்வாய்க்கிழமை மஜ்ஜை எடுக்கறாங்க. கையெழுத்துக்கு நீங்க வரணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு மூன்று பீரியட் இருக்கிறது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.